ஹலால் மட்டும் போதுமா?

 

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளான் மாதம். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் கையில் நூடுல்ஸ் பொட்டலத்துடன் வந்தான். "ஹஜ்ரத், இது ஹலாலான்னு உம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. ஸஹருக்கு ஆக்கித் தரப் போறாங்களாம்" என்றான். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். பச்சைப் புள்ளி இருந்தது. மாமிசமோ மிருகக் கொழுப்போ சேர்ந்ததாக எழுதப்படவில்லை. "ஹலால்தான் தம்பி, சாப்பிடலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு மஸ்அலாவுக்கு விடை கொடுத்துவிட்டோம் என்ற திருப்தி எனக்கு.

நான் கொடுத்தது பாதி விடைதான் என்பது மறு ஆண்டு எனக்கே ஒரு நோய் வந்த பிறகுதான் விளங்கியது. கால் எரிச்சலும் தீராத தாகமும் ஏற்பட்டு மருத்துவரிடம் போனேன். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 148 இருந்தது. 126-ஐத் தொட்டாலே நீரிழிவு என்பது கணக்கு. மறுமுறை பரிசோதித்தபோதும் குறையவில்லை. எனக்கு அப்போது வயது முப்பத்தைந்து. "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று அந்த மருத்துவ அம்மையார் கேட்டார். "ஹலாலானதைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை" என்று சற்றுப் பெருமையோடு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அது எனக்குத் தெரியும் ஹஜ்ரத். காலையிலிருந்து இரவு வரை வாயில் போட்டதை எல்லாம் வரிசையாகச் சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். ஃபஜ்ருக்குப் பின் தேநீரும் பிஸ்கட்டும். மதரஸாவில் பதினொரு மணிக்கு மறுபடி தேநீரும் பிஸ்கட்டும். அஸருக்குப் பின் பொட்டல மிக்சர். நிகாஹ் மஜ்லிஸுக்கோ பயானுக்கோ போனால் உபசரிப்பாகக் குளிர்பானம். இரவு நேரமாகிவிட்டால் பரோட்டா, அல்லது கடையில் வாங்கிய ரொட்டியும் ஜாமும். அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்து, "இதில் உங்கள் வீட்டு அடுப்பில் வெந்தது எவ்வளவு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வம்சத்தில் வருவது, உட்கார்ந்தே இருப்பது, உறக்கம் குறைவது என்று இந்த நோய்க்குக் காரணங்கள் பல உண்டு. எல்லாப் பழியையும் பிஸ்கட்டின் மேல் போடுவது நியாயமாகாது. ஆயினும் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நான் ஓதிக் கொடுக்கும் ஒரு வசனத்தின் இரண்டு சொற்களில் ஒன்றை மட்டுமே என் வாழ்க்கையில் எடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அன்று எனக்குப் புரிந்தது. அந்த இரண்டு சொற்களைப் பற்றியதே இந்தப் பாடம்.

இரண்டு சொற்கள்

திருமறையின் இரண்டாவது அத்தியாயம் 168-ஆம் வசனத்தில், பூமியில் உள்ளவற்றில் ஹலாலானதும் தய்யிபானதுமானதை உண்ணுமாறு அல்லாஹ் மனிதர்கள் அனைவரையும் பார்த்துக் கட்டளையிடுகிறான். இவ்விரு சொற்களும் இவ்வாறு சேர்ந்தே வரும் இடங்கள் இன்னும் மூன்று உள்ளன: ஐந்தாவது அத்தியாயத்தின் 88-ஆம் வசனம், எட்டாவது அத்தியாயத்தின் 69-ஆம் வசனம், பதினாறாவது அத்தியாயத்தின் 114-ஆம் வசனம்.

ஹலால் என்றால் மார்க்கம் அனுமதித்தது. இது அனைவருக்கும் தெரியும். தய்யிப் என்பதற்கு இமாம்கள் பலவாறு விளக்கம் தந்துள்ளார்கள். ஹலால் என்பதையே வலியுறுத்த வந்த சொல் என்றார்கள் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள். சுவையானது, மனம் விரும்புவது என்றார்கள் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 774-ல் மறைந்த விரிவுரையாளர் இப்னு கஸீர் (ரஹ்) அவர்களோ, அது தன்னளவில் நல்லதாகவும், உடலுக்கும் அறிவுக்கும் தீங்கு தராததாகவும் இருக்கவேண்டும் என்று இந்த வசனத்திற்கு விளக்கம் எழுதினார்கள். உடலுக்குத் தீங்கு தராதது என்ற இந்த விளக்கத்தை வாசகர்கள் மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

குகைவாசிகளின் வரலாற்றை நாம் வெள்ளிக்கிழமைதோறும் ஓதுகிறோம். முந்நூற்று ஒன்பது ஆண்டுகள் உறங்கி விழித்தவர்கள் அவர்கள். விழித்தவுடன் பசி. ஒருவரிடம் வெள்ளிக் காசைக் கொடுத்து நகரத்துக்கு அனுப்புகிறார்கள். உயிருக்கு அஞ்சி ஒளிந்திருக்கும் நேரம். கிடைத்ததை வாங்கிக்கொண்டு விரைந்து வா என்று சொல்லியிருந்தால் யாரும் குறை கூறமாட்டார்கள். ஆனால் எந்த உணவு மிகத் தூய்மையானது என்று பார்த்து வாங்கிவருமாறு அவர்கள் சொல்லியனுப்பியதைப் பதினெட்டாவது அத்தியாயத்தின் 19-ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. கடைக்குப் போகிறவன் பார்த்து வாங்கவேண்டும் என்பதற்கு இதைவிட வேறென்ன பாடம் வேண்டும்?

எது ஆலை உணவு?

பிரேசில் நாட்டின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோ என்ற பேராசிரியர் 2009-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். உணவில் என்ன சத்து இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. அது எவ்வளவு தூரம் பதப்படுத்தப்பட்டு நம்மிடம் வந்து சேர்கிறது என்பதையும் பார்க்கவேண்டும் என்பதே அது. பின்னர் அவரும் அவருடைய குழுவினரும் உணவுகளை நான்காகப் பிரித்தார்கள். நம் வீட்டு உதாரணங்களோடு சொல்கிறேன்.

முதல் வகை, இயற்கையாகவோ சிறிதளவே மாற்றப்பட்டோ இருப்பவை. அரிசி, பருப்பு, காய்கறி, கனி, மீன், இறைச்சி, முட்டை, பால், பேரீச்சம்பழம் முதலியன. இரண்டாவது, சமையலுக்குத் துணையாகும் எண்ணெய், நெய், உப்பு, சீனி, வெல்லம். மூன்றாவது, முதல் வகையில் இரண்டாம் வகையைச் சேர்த்து எளிய முறையில் பதப்படுத்தியவை. கருவாடு, ஊறுகாய், பன்னீர், அன்றன்று சுட்ட எளிய ரொட்டி போன்றன. இம்மூன்றும் நம் பாட்டிமார்களின் அடுக்களையில் இருந்தவையே.

நான்காவதுதான் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவு. தானியத்தையும் பருப்பையும் எண்ணெய் வித்தையும் ஆலையில் பிரித்து மாவுச்சத்தாகவும் புரதமாகவும் கொழுப்பாகவும் சர்க்கரைப் பாகாகவும் ஆக்கி, அவற்றை மறுபடி ஒன்றுகூட்டி, நிறம், மணம், சுவையூட்டி, எண்ணெயும் நீரும் பிரியாமல் நிறுத்தும் பொருள் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யப்படுவது. குளிர்பானங்கள், சிப்ஸ், நூடுல்ஸ், பெரும்பாலான பிஸ்கட்டுகள், கிரீம் கேக்குகள், பொட்டல சூப், சாஸேஜ், நகெட்ஸ், இனிப்பூட்டிய காலைத் தானியங்கள், பாலில் கலக்கும் பல சத்துப் பொடிகள் ஆகியவை இதில் அடங்கும். சுருக்கம் கருதி இக்கட்டுரையில் இவற்றை ஆலை உணவு என்று அழைப்போம்.

பொட்டலத்தில் வருவதெல்லாம் ஆலை உணவு அல்ல. பாலும் பருப்பும் கோதுமை மாவும் பொட்டலத்தில்தான் வருகின்றன. அவற்றை ஒதுக்கத் தேவையில்லை. அதுபோல "சத்து", "ஆரோக்கியம்" என்று அட்டையில் அச்சிட்டிருப்பதனால் மட்டும் ஒன்று நல்லதாகிவிடாது. 2024 ஏப்ரலில் இந்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற பிரிவிலிருந்து நீக்குமாறு இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதே காரணம். பிள்ளைகளுக்கு வேளை தவறாமல் அவற்றைக் கலக்கிக் கொடுக்கும் தாய்மார்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஆராய்ச்சிகள் சொல்வது

அமெரிக்காவின் பெத்தெஸ்டா நகரிலுள்ள தேசிய சுகாதார நிலையத்தில் கெவின் ஹால் என்பவர் நடத்திய சோதனை 2019-ல் வெளிவந்தது. இருபது பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரங்கள் ஆலை உணவும், இரண்டு வாரங்கள் எளிய இயற்கை உணவும் கொடுத்தார்கள். இரண்டு வகைத் தட்டுகளிலும் கலோரி, சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவை ஏறத்தாழச் சமமாக இருக்குமாறு வைத்தார்கள். "வேண்டுமளவு உண்ணலாம், மிச்சமும் வைக்கலாம்" என்று உண்பவர்கள் விருப்பத்திற்கே விட்டுவிட்டார்கள்.

முடிவு என்ன தெரியுமா? ஆலை உணவு உண்ட நாட்களில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்குச் சராசரியாக ஐந்நூறு கலோரி அதிகம் உண்டார்கள். இரண்டே வாரத்தில் சராசரி எடை 900 கிராம் கூடியது. இயற்கை உணவு உண்ட இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தது. ஆலை உணவை அவர்கள் வேகமாகவும் உண்டார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அதில் கடிப்பதற்கும் மெல்லுவதற்கும் வேலை குறைவு. வயிறு "போதும்" என்று சொல்வதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது.

2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ், முன்னர் வெளிவந்த பல ஆய்வுத் தொகுப்புகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு பேராய்வை வெளியிட்டது. ஏறத்தாழ 99 இலட்சம் மக்களைப் பற்றிய விவரங்கள் அதில் அடங்கியிருந்தன. ஆலை உணவை மிகுதியாக உண்போருக்கு இருதய நோயால் மரணம் நேரும் அபாயம் ஏறத்தாழ 50 சதவீதமும், நீரிழிவு வரும் அபாயம் 12 சதவீதமும் கூடுதல் என்றும், மனப்பதற்றம் போன்ற நோய்களோடும் இதற்குத் தொடர்பு உண்டு என்றும் அது கூறிற்று.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். இத்தகைய பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் தொடர்பைக் காட்டுபவை. இதை உண்டதனால்தான் இது வந்தது என்று அவற்றை மட்டும் வைத்து அறுதியிட்டுக் கூற முடியாது. ஆனால் மேலே சொன்ன சோதனையும் இந்தப் பேராய்வும் ஒரே திசையைக் காட்டும்போது, புத்தியுள்ளவன் எச்சரிக்கை கொள்வான். நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகளிலும், இவ்வகை உணவைக் குறைத்துக்கொள்ளுமாறு கூறப்பட்டுள்ளது. நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவுடன் வாழ்வதாக 2023-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஜும்ஆத் தொழுகைக்கு வரும் ஸஃப்புகளைப் பார்த்தாலே அந்தக் கணக்கு மெய்யென்று தெரியும். கால் விரல் எடுக்கப்பட்டவர்களும், பார்வை மங்கியவர்களும், நாற்காலியில் அமர்ந்து தொழுபவர்களும் நம் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்கள்.

ஹலால் சாஸேஜ், ஹலால் ஸலாமி என்று நம் கடைகளில் விற்பவை பற்றித் தனியாக ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-ல், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்று அது மதிப்பிட்டது. பிஸ்மில்லாஹ் சொல்லி முறைப்படி அறுத்த கோழியாக இருக்கலாம். அதன் பின்னர் ஆலையில் சேர்க்கும் நைட்ரைட்டு உப்பும் புகையூட்டுவதும் அறுத்தவர் கையில் இல்லை.

மூன்றில் ஒரு பங்கு

வயிற்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விட்டுவைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை மிக்தாம் இப்னு மஅதீகரிப் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். திர்மிதி நூலில் பதிவான செய்தி இது. இதைப் பற்றி நாம் எத்தனையோ பயான் செய்திருக்கிறோம். ஆனால் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமானால், நிறுத்தச் சொல்லும் வயிற்றின் குரல் நம் காதில் விழவேண்டும். அந்தக் குரல் எழுவதற்குள் உண்டு முடித்துவிடும்படியாக அமைந்த உணவைத் தட்டில் வைத்துக்கொண்டு, அளவாக உண்ணவில்லையே என்று நஃப்ஸை மட்டும் குறை கூறிப் பயனில்லை. ஒரு தட்டுச் சோறும் கீரையும் மீன் ஆணமும் உண்டவன் மறுதட்டு வேண்டாம் என்பான். சிப்ஸ் பொட்டலத்தைப் பாதியில் மடித்து வைத்த பிள்ளையை யாரேனும் பார்த்ததுண்டா?

ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) என்ற நபித்தோழரிடம், நபியவர்கள் காலத்தில் சலித்த வெண்மாவு உண்டா என்று கேட்கப்பட்டது. நபியவர்கள் அதைக் கண்டதேயில்லை என்றும், அன்று சல்லடையே இல்லை என்றும், வாற்கோதுமையை அரைத்து ஊதுவோம், பறக்கும் உமி பறந்துபோகும், எஞ்சியதைப் பிசைந்து சமைப்போம் என்றும் பொருள்பட அவர்கள் சொன்ன செய்தி புகாரியில் இருக்கிறது. அது வறுமையின் காலம் என்பது உண்மை. ஆயினும் தவிடு நீங்காத தானியமே அந்த வீட்டின் ஆகாரமாக இருந்தது. இன்று நாம் உண்ணும் நூடுல்ஸ், பிஸ்கட், பரோட்டா, பன் அனைத்துக்கும் மூலம் தவிடு முற்றிலும் நீங்கிய மைதாவே.

அப்படியானால் இது ஹராமா?

இந்தக் கேள்வியை நிச்சயம் கேட்பீர்கள். விடையை அவசரமின்றிக் கேளுங்கள். அல்லாஹ் ஹராமாக்காததை ஹராம் என்று சொல்லும் அதிகாரம் எவருக்கும் இல்லை. நாவில் வந்தபடி ஹலால் என்றும் ஹராம் என்றும் கூறுவதைப் பதினாறாவது அத்தியாயத்தின் 116-ஆம் வசனம் வன்மையாகக் கண்டிக்கிறது. ஆகவே, ஹராமான பொருள் கலவாத ஒரு பிஸ்கட்டையோ நூடுல்ஸையோ ஹராம் என்று நான் கூறவில்லை. பெருநாள் அன்று பிள்ளை ஐஸ்கிரீம் உண்டால் பாவம் என்றும் கூறவில்லை.

ஆனால் தீங்கு செய்வதை உண்ணக்கூடாது என்பதும் மார்க்கச் சட்டமே. நஞ்சையும், உடலைக் கெடுக்கும் மண் போன்றவற்றையும் உண்பதை ஃபிக்ஹு நூல்கள் தடுத்திருப்பது இந்த அடிப்படையில்தான். தனக்கும் கேடு கூடாது, பிறருக்கும் கேடு செய்யக்கூடாது என்ற கருத்துள்ள நபிமொழி சட்டக் கலையின் தூண்களுள் ஒன்று. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நபியவர்கள் (ஸல்) நினைவூட்டினார்கள். வணக்கத்துக்காகக்கூட உடலின் உரிமையைப் பறிக்க அனுமதி இல்லையென்றால், நாவின் ருசிக்காகப் பறிக்கலாமா?

எனவே ஆளைப் பொறுத்தும் அளவைப் பொறுத்தும் நிலைமை மாறும். ஆரோக்கியமுள்ளவர் எப்போதாவது உண்பதில் குற்றமில்லை. அதையே அன்றாட ஆகாரமாக்கிக்கொள்வது தய்யிபைத் தேடச் சொன்ன கட்டளையைப் பாராமுகமாக விடுவதாகும். "இது உங்களுக்குக் கேடு" என்று நம்பத்தகுந்த மருத்துவர் தடுத்த பின்பும், கேடு தெரிந்தே தொடர்ந்து உண்பவர் தம் உடல் என்னும் அமானிதத்துக்குத் துரோகம் செய்கிறார். அவர் அல்லாஹ்விடம் பதில் சொல்லியாகவேண்டும்.

பொட்டலத்தின் பின்பக்கம்

பச்சைப் புள்ளி என்பது, பால், தேன் போன்றவை நீங்கலாக, மிருகப் பொருள் கலக்கவில்லை என்பதை மட்டுமே சொல்லும். ஹலால் முத்திரை என்பது பொதுவாக மூலப்பொருளையும் அறுப்பு முறையையும் பார்த்து வழங்கப்படுவது. சீனி எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று கேட்பது அதன் வேலையாக இருப்பதில்லை. அதை நாம்தான் கேட்கவேண்டும். எளிய வழிகள் சில:

1. சேர்மானப் பட்டியலில் எந்தப் பொருள் அதிகமோ அது முதலில் வரவேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். முதல் மூன்று இடங்களில் மைதாவும் சீனியும் பாமாயிலும் இருந்தால், மேலட்டையில் எந்தக் கனியின் படம் இருந்தாலும் அது அந்த மூன்றும்தான்.

2. நம் அடுக்களையில் இல்லாத பெயர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின், இன்வெர்ட் சிரப், எமல்சிஃபையர், ஸ்டெபிலைசர் என்று பட்டியல் நீண்டால் அது ஆலை உணவு.

3. ஐ.என்.எஸ். எண்களைப் பாருங்கள். 471 என்ற எண்ணுள்ள பொருள் தாவரக் கொழுப்பிலிருந்தும் மிருகக் கொழுப்பிலிருந்தும் செய்யப்படுவது. 120 என்பது ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். ஆகவே பட்டியலைப் படிக்கும் பழக்கம் தய்யிபுக்கு மட்டுமின்றி ஹலாலுக்கும் காவலாகும்.

4. உப்பையும் சீனியையும் கணக்கிடுங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறிய நூடுல்ஸ் பொட்டலங்கள் பலவற்றில் ஏறத்தாழ இரண்டு கிராம் உப்பு இருக்கிறது. 300 மில்லி கோலா பானத்தில் ஏறத்தாழ முப்பது கிராம் சீனி, அதாவது ஆறு தேக்கரண்டிக்கு மேல். வீட்டுத் தேநீரில் ஆறு கரண்டி சீனி போட்டுக் கொடுத்தால் நாம் குடிப்போமா?

நோன்பு காலமும் நம் ஸஃப்ராவும்

நம் முன்னோர்களின் நோன்பு திறக்கும் ஸஃப்ராவை நினைத்துப் பாருங்கள். பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி. கஞ்சியில் குருணை அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால், கொஞ்சம் கறி. இனிப்புக்குக் கடற்பாசி. கடலில் விளையும் பாசியைக் காய்ச்சி இளநீரிலோ பாலிலோ உறையவைப்பார்கள். இன்று கடற்பாசி இருந்த இடத்தில் நிறமேற்றிய ஜெல்லிப் பொட்டலம் வந்துவிட்டது. அதில் சிலவற்றில் ஜெலட்டின் என்ற சந்தேகமும் கூடவே வந்திருக்கிறது. நன்னாரி சர்பத்தின் இடத்தில் பாட்டில் பானம். பதினான்கு மணி நேரம் ஓய்ந்திருந்த வயிற்றில் முதலில் இறங்குவது சீனித் தண்ணீரும் பொரித்த மைதாவும் என்றால், தராவீஹில் கண் சொருகுவதற்கு ஷைத்தானை மட்டும் காரணம் காட்ட முடியாது.

இந்த விவரங்களை எல்லாம் அறிந்த பிறகு, அந்தச் சிறுவனின் தாயாருக்கு நான் கொடுத்த பாதி விடை என் நெஞ்சை உறுத்தியது. அடுத்த ரமளானில் அவனைக் கூப்பிட்டு, "அன்று ஹலால் என்று சொன்னேன், அது சரிதான். ஆனால் வளரும் பிள்ளைக்கு அது ஸஹர் உணவாகாது, எப்போதாவது உண்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார் ஹஜ்ரத் என்று உம்மாவிடம் சொல்" என்று அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. "ராத்திரி ஒரு மணி வரைக்கும் தையல் மிஷின்ல உட்கார்ந்திருக்கேன். மூணரைக்கு எழுந்து என்னத்தை ஆக்குறதுன்னு உம்மா கேக்குறாங்க" என்றான்.

அந்தக் கேள்வி நியாயமானது. மிம்பரில் நின்று உபதேசிப்பவர்கள் அதை யோசிக்க வேண்டும். வீட்டு மனுஷியிடம் கலந்து பேசி, அடுப்பே தேவையில்லாத சிலவற்றை எழுதி அனுப்பினேன். இரவே வடித்து நீரூற்றி வைத்த சோற்றோடு மோர். பத்து நிமிடத்தில் ஊறும் அவலோடு பாலும் வாழைப்பழமும். மாலையிலேயே அவித்து ஈரமின்றி மூடிவைத்த முட்டை. வறுத்த வேர்க்கடலையும் பேரீச்சம்பழமும். இவற்றுக்கு நூடுல்ஸைவிட அதிக நேரம் ஆகாது. பசியும் நெடுநேரம் தாங்கும். இரண்டு வாரம் கழித்துச் சிறுவன் வந்து, "இப்ப அவல்தான் ஹஜ்ரத். சனிக்கிழமை மட்டும் நூடுல்ஸ்" என்றான். அதுவே போதும் என்று அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தினேன்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. கடைத்தெருவுக்குப் போய் வருபவர்கள் பெரும்பாலும் நாம்தான். பிள்ளைகளுக்கு ஆசையாக வாங்கிவருகிறோம் என்று பை நிறையச் சிப்ஸும் பிஸ்கட்டும் கொண்டுவந்து கொட்டிவிட்டு, வீட்டில் சரியாகச் சமைப்பதில்லை என்று குறை கூறுவது அறமாகாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசையாக இருந்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். முட்டை அவிப்பதும் பழம் நறுக்குவதும் ஆண்மைக்கு இழுக்கல்ல.

பள்ளிவாசல், மதரஸா நிர்வாகிகளும் சிந்திக்கவேண்டும். ஓதிமுடித்த பிள்ளைகளுக்குப் பரிசாகச் சாக்லேட்டும், மீலாது விழாவில் குளிர்பானமும் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அவற்றுக்குப் பதில் சுண்டலும் பழமும் கொடுத்தால் நன்மை குறையாது. எங்கள் மதரஸாவில் பதினொரு மணி பிஸ்கட் இப்போது அவித்த கடலையாக மாறியிருக்கிறது. முதல் வாரம் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். இப்போது கிண்ணத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை.

என் இரத்தச் சர்க்கரை மாத்திரையோடும் நடைப்பயிற்சியோடும் இந்த மாற்றத்தோடும் இப்போது கட்டுக்குள் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். நோய் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். நீரிழிவுள்ளவர்கள் உணவை மாற்றும்போதும் நோன்பு நோற்கும்போதும் மருத்துவரைக் கலந்தே செய்யவேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து.

அன்புச் சகோதரர்களே, தாய்மார்களே! இனி ஒரு பொட்டலத்தைக் கையில் எடுக்கும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேளுங்கள். இது ஹலாலா? இது தய்யிபா? முதல் கேள்விக்கு எங்களைப் போன்ற உலமாக்களிடம் வருகிறீர்கள். இரண்டாவது கேள்வியையும் எங்களிடம் கேளுங்கள். நாங்கள் பாதியில் நிறுத்தினால், "மறுபாதி எங்கே ஹஜ்ரத்?" என்று உரிமையோடு கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நமக்கு ஹலாலானதும் தய்யிபானதுமான ரிஸ்கை அளித்து, அதைக் கொண்டு அவனை வணங்கும் சக்தியையும், நம் மக்களுக்கு நோயற்ற வாழ்வையும் தந்தருள்வானாக! ஆமீன்.